பொது இசை விழாவில் விஐபி நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கோயில் திடலில் வருடா வருடம் ஐந்து நாள் இசை விழா நடக்கும். பந்தல் கால் நடுவதிலிருந்து வாடகை நாற்காலியை எண்ணித் திருப்பி அனுப்புவது வரை எல்லா வேலையும் அதில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு விழாக் குழு முதல் தடவையாக முன் வரிசைகளுக்கு டிக்கெட் போட்டது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், சொல்ல மறந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காசு கொடுத்தவருக்கு முன்னால் இடம், கொடுக்காதவருக்குப் பின்னால் இடம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

தியேட்டரில் என்றால் ஒன்றும் இல்லை. எல்லாரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகிறோம், எந்த வரிசைக்கு என்ன விலை என்பது முன்பே தெரியும். (அங்கே பின் வரிசைக்குத்தான் விலை அதிகம் என்பது வேறு விஷயம்.)

ஊர் விழா அப்படித் தொடங்குவதில்லை. நோட்டீஸில் "அனைவரும் வருக" என்று போட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பே ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்திருப்பார்கள். 200 ரூபாய் கொடுத்தவரும் அதில் இருப்பார், 20 ரூபாய் கொடுத்தவரும் இருப்பார். திடல் ஊருக்குச் சொந்தம். அப்படி இருக்க, கச்சேரி அன்று பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர் பார்ப்பது என்ன? மேடைக்கும் தனக்கும் நடுவே 40 அடிக்குச் சவுக்குக் கம்பு கட்டி, வாசலில் கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர் நிற்கிறார்கள். தன் வீட்டுக் கல்யாணத்தில் தன்னிடமே பத்திரிகை எங்கே என்று கேட்ட மாதிரி இருக்கும் அவருக்கு. இலவசமாகக் கிடைக்கவில்லையே என்று வருகிற கோபம் இல்லை இது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. முன் இடத்துக்குச் சண்டை போடுவது நமக்குப் புதிதல்ல. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் என்று கோர்ட் வரை போன ஊர்கள் எத்தனையோ. எந்தச் சாதிக்காரர் எந்த இடத்தில் நிற்கலாம் என்ற கொடுமையும் அதற்குள் சேர்ந்தேதான் இருந்தது. ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

திருவையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசை மேதை தியாகராஜர் அங்கே 1847-இல் மறைந்தார். அவர் நினைவாக வருடா வருடம் நடக்கும் இசை ஆராதனையை யார் நடத்துவது என்பதில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு அணிகள் ஏற்பட்டன. பெண்கள் அங்கே பாடவே கூடாது என்று இருந்தது. சமாதி இருந்த இடத்தை வாங்கி, தன் சொந்தப் பணத்தில் கோயில் கட்டிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே பாட இடம் இல்லை. அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஓர் ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. டிக்கெட்டே இல்லாத விழாவில் இவ்வளவு நடந்திருக்கிறது.

சரி, மீதிப் பாதி எது? உபயம். ஐந்தாம் நாள் மண்டகப்படி இன்னார் உபயம் என்றால் அன்றைய நாகஸ்வரம், பூ அலங்காரம், விளக்கு எல்லாம் அவர் செலவு. நோட்டீஸில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவார்கள். கொஞ்சம் அலட்டிக்கொள்வார், அதுவும் உண்டு. ஆனால் அவர் காசில் கச்சேரி கேட்டது ஊர் முழுக்க. விஐபி டிக்கெட் வாங்குகிறவர் தன் கண்ணுக்கும் காதுக்கும் காசு கொடுக்கிறார். இருவருக்கும் கிடைப்பது முன் நாற்காலிதான், ஆனால் உபயக்காரர் அதில் உட்கார்ந்தால் யாரும் முறைப்பதில்லை.

சென்னை சபாக்களில் முன் வரிசைக்குக் காசு வாங்குகிறார்களே, அங்கே ஏன் யாரும் வேலியை உடைப்பதில்லை?

சபா என்பது கச்சேரிகள் நடத்தும் உறுப்பினர்களின் அமைப்பு. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்து, அடுத்த வருடம் தொடங்கியது மியூசிக் அகாடமி. அப்போதிலிருந்து அது தன்னை ஊர்த் திடல் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. சந்தா, சீசன் டிக்கெட், புரவலர் இருக்கை எல்லாம் தெரிந்த கணக்கு. அதோடு ஒரு திறப்பும் வைத்திருக்கிறார்கள். காலை விரிவுரைகளுக்கு டிக்கெட் இல்லை. பல சபாக்களில் மதியக் கச்சேரிகளும் இலவசம். இளம் பாடகர்களை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க மார்கழியில் ஒரு மதிய வேளை போதும். சாயங்காலம் ஆனால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. கவுண்டரில் "எல்லாம் முடிந்தது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போனால் முதல் நான்கு வரிசையில் பாதி காலி என்ற புகார் டிசம்பர் தவறாமல் வரும். நியாயமான புகார்.

நடுவழி ஒன்று பெங்களூரில் இருக்கிறது. சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமி கச்சேரிகளை நடத்தி வருகிறது. பந்தலுக்குள் டிக்கெட். ஆனால் சுற்றிலும் தெரு. வெளியே நின்று, நடைபாதையில் உட்கார்ந்து கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. கர்நாடக இசைக்குக் காது போதும் என்பதால் அது நடக்கிறது. நட்சத்திரம் வந்து ஆடிப் பாடும் மெல்லிசைக் கச்சேரியில் கண்ணும் வேண்டும். அங்கேதான் சிக்கல் முற்றுகிறது.

யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்தது என்ன?

2024 பிப்ரவரி 9. பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தமிழ்நாட்டிலிருந்து சினிமா நட்சத்திரங்களும் போயிருந்தார்கள். மேடைக்கு முன்னால் கட்டணப் பகுதிகள், அவற்றுக்குப் பின்னால் இலவசப் பகுதி என்று மைதானத்தைப் பிரித்திருந்தார்கள். பெருங்கூட்டம் திரண்டது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் நின்றவர்களில் பலர் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு கட்டணப் பகுதிக்குள் நுழைந்துவிட்டார்கள். பாட்டு நின்றது. போலீஸ் வந்து கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து இரண்டு கட்சி. இளைஞர்கள் யாழ்ப்பாணத்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்றது ஒன்று. இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு, எதுவும் தெரியாத தூரத்தில் நிறுத்தினால் வேறென்ன நடக்கும் என்றது இன்னொன்று.

என்னைக் கேட்டால், மைதானத்தைப் பாருங்கள் என்பேன். முற்றவெளி கோட்டையை ஒட்டிய சமதரை. சமதரையில் முன்னால் நாற்காலி வரிசைகளும் பின்னால் நிற்கும் கூட்டமும் இருந்தால், பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் பிடரி. பெரிய நட்சத்திரங்கள் அடிக்கடி வராத ஊர் வேறு. போர்க் காலம் முழுக்க இப்படி ஒரு மேடையைப் பார்க்காமல் வளர்ந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் வந்திருப்பார்கள். அதற்காகத் தடுப்பை உடைத்தது சரி என்று சொல்ல மாட்டேன். காசு கொடுத்து குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? ஆனால் இலவசப் பகுதி என்ற பெயரில் ஓர் இடத்தை வரையும்போது, அங்கே நின்றால் என்ன தெரியும் என்று யாராவது ஒருவர் போய் நின்று பார்த்திருக்க வேண்டும்.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் நடந்ததும் இதே கதையா?

இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த 'மறக்குமா நெஞ்சம்' முழுக்க டிக்கெட் நிகழ்ச்சி. அங்கே அவதிப்பட்டதில் விலை உயர்ந்த டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு. கையில் டிக்கெட் வைத்துக்கொண்டே உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். நுழைய முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். அது கூட்ட நிர்வாகத்தில் விழுந்த ஓட்டை. ஊர் விழாவோடு அதைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

காலி சோபாவைப் பார்த்தால் ஏன் அவ்வளவு எரிச்சல்?

இதற்கு எங்கள் ஊர்க் கதையே போதும். டிக்கெட் போட்ட முதல் வருடம் 60 சோபா இறக்கினோம். மூவர் உட்காரும் சோபா. ஆனால் அறிமுகமில்லாத இருவருக்கு நடுவில் மூன்றாமவர் உட்கார மாட்டார் என்பதால் கணக்குக்கு இருவர்தான். முதல் நாள் பாட்டு தொடங்கியபோது ஆள் இருந்தது 11 சோபாவில். மீதியில் முழுத்தாளில் "முன்பதிவு" என்று ஒட்டி, காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தோம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐந்நூறு பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். எதிரே 49 தண்ணீர் பாட்டில் உட்கார்ந்து கச்சேரி கேட்கிறது.

இரண்டாவது உருப்படி முடிந்ததும் பாடிக்கொண்டிருந்த அம்மாவே மைக்கில், "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்களேன், இவ்வளவு இடம் இருக்கே" என்றார். குழுச் செயலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கயிற்றை அவிழ்த்தவன் நான்தான். சோபாவில் யாரும் உட்காரவில்லை, அதற்கு முன்னால் இருந்த மண்தரையில்தான் போய் உட்கார்ந்தார்கள். அப்போது ஒன்பது மணிக்கு வந்த ஒரு டிக்கெட்காரர் "என் சோபாவை மறைக்கிறார்கள்" என்று சண்டைக்கு வந்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாங்கள்தான் ஒரே இடத்தை இரண்டு முறை விற்றவர்கள் போல நின்றோம்.

விழாவுக்குப் பணம் எங்கிருந்துதான் வரும்?

குழுவில் இருப்பவர்கள் ராத்தூக்கம் இல்லாமல் யோசிப்பது இதைத்தான், கேலி செய்ய ஒன்றும் இல்லை. பந்தல், ஒலி, ஒளி, ஜெனரேட்டர், எல்இடி திரை, கலைஞர்களின் சம்பாவனை, அவர்கள் தங்க அறை, சாப்பாடு, காவல்துறை அனுமதி என்று பட்டியல் நீளும். சில்லறை வசூலில் அது அடங்காது.

ஆனால் டிக்கெட்தான் ஒரே வழி என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. விளம்பர மலர், ஒரு நாளைக்கு ஒரு உபயக்காரர், கடை வாடகை என்று பழைய வழிகள் இருக்கின்றன. வெளியூர் உதாரணம் வேண்டுமானால் சான் ஃபிரான்சிஸ்கோ. அங்கே கோல்டன் கேட் பூங்காவில் 2001 முதல் 'ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ்' என்ற நாட்டுப்புற இசை விழா டிக்கெட்டே இல்லாமல் நடக்கிறது. வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் தன் பணத்தில் தொடங்கியது. அவர் 2011-இல் இறந்த பிறகும் தொடர்கிறது. நம் மொழியில் சொன்னால் பெரிய உபயம்.

டிக்கெட் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு தகவல்: இந்தியாவில் இசை நிகழ்ச்சி டிக்கெட் தலைக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். 501 ரூபாய் என்று மொய் கணக்கில் விலை வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட்டும் இல்லாமல், தனி நாற்காலியும் இல்லாமல் நம் ஊரில் யாராவது நடத்தியிருக்கிறார்களா?

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. கடற்கரைக் காற்றில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில். அரசு தரப்பில் 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களிலும் தெருக்களிலும் நாட்டுப்புறக் கலைகளை இலவசமாகக் காட்டியது.

வேலியை உடைப்பது வெளிநாட்டிலும் உண்டா?

உண்டு. இங்கிலாந்தின் வைட் தீவில் 1970-இல் நடந்த விழாவில் டிக்கெட் 3 பவுண்டு. மைதானத்தை ஒட்டி ஒரு மலைச்சரிவு. காசில்லாதவர்கள் அதில் கூடாரம் போட்டு மேலிருந்து பார்த்தார்கள். தகர வேலி தாக்கப்பட்டது, கடைசியில் விழாவையே இலவசம் என்று அறிவித்தார்கள். மறுவருடம் அந்தத் தீவில் பெருங்கூட்டங்களைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்தில் சட்டமே வந்தது. மறுபடி விழா நடந்தது 2002-இல். ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

அப்படியானால் தடுப்பைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்கிறீர்களா?

கூடாது. தள்ளுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. தடுப்பை ஒட்டி நிற்கும் சிறுவர்களும் பெண்களும்தான் நசுங்குவார்கள். ஒலிபெருக்கிக் கோபுரத்தில் ஏறுவது அதைவிட மோசம், கீழே மின்சாரக் கம்பி ஓடுகிறது. கோபத்தைக் காட்டக் கூட்டத்தின் உடம்பை ஆயுதமாக்க வேண்டாம்.

விஐபி இருக்கை வைத்தே தீர வேண்டும் என்றால் எங்கே வைப்பது?

ஒரு தாளை எடுங்கள். மேடைக்கு முன்னால் 60 அடி அகலம், 40 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சோபாவும் அதற்கு முன் டீப்பாயும் போட்டால் ஒரு வரிசைக்கு ஆறேழு அடி போய்விடும். ஆறு வரிசை, வரிசைக்கு பத்து சோபா. ஒன்றில் இருவர் என்றால் 120 பேர். அதே இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் நடைபாதை விட்டும் 350, 400 பேர் உட்காரலாம். ஜமுக்காளம் விரித்தால் ஐந்நூறுக்கு மேல். எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று, தரையில் உட்கார்ந்தவரின் தலை நாற்காலியில் உட்கார்ந்தவரை மறைக்காது.

ஆகவே நான் சொல்வது இதுதான். முன் 30 அடி ஜமுக்காளம், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். குழந்தைகள் எப்படியும் அங்கேதான் ஓடிவருவார்கள். அதற்குப் பின்னால் நாற்காலி. நாற்காலியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கட்டணத்துக்கு, நடுப்பகுதி முழுக்க ஊருக்கு. கட்டணக்காரருக்கு வண்டி நிறுத்த இடம், நல்ல காபி, மலரில் பெயர், கலைஞரோடு ஒரு புகைப்படம் என்று வேறு மரியாதைகள் செய்யலாம். மற்றவரை மறைக்காமல் தரக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. அப்புறம், முதல் அரை மணி நேரத்துக்குள் வராதவரின் இருக்கை பொதுவில் சேரும் என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். தமிழில், படிக்கிற அளவு எழுத்தில்.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன் இடம் ஒதுக்கினால் அதுவும் விஐபிதானே?

இல்லை. அதை யாரும் எதிர்த்து நான் பார்த்ததில்லை. சக்கர நாற்காலிக்கு மேடு பள்ளம் இல்லாத பாதையும் சேர்த்துப் போடுங்கள்.

டிக்கெட்டும் வாங்காமல் பாஸில் வருகிற பெரிய மனிதர்கள்?

டிக்கெட்காரராவது பாட்டு கேட்க வருகிறார். இவர்கள் பொன்னாடைக்கு வருகிறார்கள். வந்ததும் பாட்டை நிறுத்தி வரவேற்புரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு சால்வை, புகைப்படம் என்று முக்கால் மணி போகும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அந்த முக்கால் மணி யார் கணக்கில் கழிகிறது? கச்சேரியின் பெரிய உருப்படியான ராகம் தானம் பல்லவியின் கணக்கில். சால்வை விழுந்த மறு நிமிடம் அவர்கள் கார் கிளம்பிவிடும், முன் வரிசை மொத்தமும் காலி. கச்சேரி முடிந்த பிறகு கௌரவியுங்கள் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அதுவரை அவர்கள் இருக்க மாட்டார்களே என்றார் தலைவர். அது நல்ல விஷயம்தானே என்று கேட்டதற்கு அந்த வருடம் என்னைப் பார்க்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாலு மணிக்கே துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை?

நானும் போட்டிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். ஒருவருக்கு ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. ஒரு ஜமுக்காளத்தையே விரித்து "பதினாலு பேர் வர்றாங்க" என்பது காசு கொடுக்காத விஐபி.

அடுத்த வருட வசூலுக்கு வருகிறார்கள். என்ன கேட்பது?

ரசீது எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி. எத்தனை கட்டண இருக்கை? அவை எங்கே? போன வருடம் அவற்றில் எத்தனை விற்றன? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் வராது. இடத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடம் இல்லை என்றால் ரசீதின் பின்பக்கமே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் அம்மா அப்படித்தான் செய்தாள். செயலாளர் திண்ணையில் உட்கார்ந்து ரசீதின் பின்னால் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, வழக்கமாகக் கொடுக்கும் 200-க்குப் பதில் 100 ரூபாயை நீட்டினாள். "மீதி, ஜமுக்காளம் விரிச்ச பிறகு" என்றாள். அந்த வருடம் விரித்தார்கள். மீதி 100-ஐ வாங்க மட்டும் இன்னும் யாரும் வரவில்லை.